செண்பகத்தோப்பில் ஒரு சர்ப்ரைஸ்

அந்தப் பெண் மறுபடியும் திரும்பிப் பார்த்தாள். நான் பூக்கடைக் குடைக்குப் பின்னால் சட்டென்று குனிந்துகொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடி, காலை வெயில், சுற்றிலும் சனம். என் கழுத்தில் எழுபது-இருநூறு ஜூம் லென்ஸ் மாட்டிய கேமரா. ‘கண்டுபிடிச்சுட்டா, சர்ப்ரைஸ் போச்சு’ என்றுதான் நினைத்தேன். அப்போது எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

கேண்டிட் போட்டோகிராஃபிக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் லென்ஸ், லைட், எடிட்டிங். அவர்களுக்காக இந்த ஒரு வேலையை மட்டும் முழுசாக எழுதி வைக்கிறேன். நான் ஒன்றும் ரிட்டயர்டு ஆள் இல்லை. இன்ஜினியரிங் முடித்து, ஒரு கம்பெனியில் கொஞ்ச நாள் உட்கார்ந்து பார்த்து, உட்கார முடியாமல் ராஜபாளையத்துக்கே திரும்பி வந்து கேமராவைத் தூக்கினவள். நடந்ததும் சமீபத்தில்தான். ஆனால் எழுதாமல் விட்டால் வேறு யாராவது இதே குழியில் விழுவார்கள்.

1. ஒளிந்திருந்து எடுப்பது

எங்கள் பக்கம் ‘சர்ப்ரைஸ் ப்ரபோசல்’ என்பது புது வரவு. சென்னை, பெங்களூர் பையன்கள் காதலியோடு குற்றாலம் போகிற வழியில் இங்கே ஒரு நாள் தங்குவார்கள். மலையடிவாரம், ஓடை, கண்மாய்க்கரை என்று ஓர் இடத்தில் பையன் மண்டி போட்டு மோதிரத்தை நீட்டுவான். அதை எங்கிருந்தோ நாங்கள் எடுக்க வேண்டும். பெண்ணுக்குத் தெரியக் கூடாது. அதுதான் வேலையே.

என் கூட்டாளி பானு, மம்சாபுரத்துக்காரி. வீடியோ, டிரோன், ஸ்கூட்டர் மூன்றும் அவள் பொறுப்பு. வாயும் அவள் பொறுப்பு. எங்கள் முதல் ப்ரபோசல் ஒரு கண்மாய்க்கரையில். பையன் மண்டி போட்டதும் அந்தப் பெண் பதறிப்போய், “ஐயோ, கால் சுளுக்கிருச்சா?” என்று அவன் முழங்காலைப் பிடித்து நீவ ஆரம்பித்துவிட்டாள். கருவேலம் புதருக்குள் பானு சிரித்த சிரிப்பில் கொக்கெல்லாம் பறந்துவிட்டது. அந்தப் படம்தான் இன்றைக்கும் என் இன்ஸ்டா பக்கத்தில் அதிகம் பேர் பார்த்த படம்.

இந்த வேலையின் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். பையனோடு மட்டும்தான் பேசுவோம். பெண்ணின் படம் ஒன்றிரண்டு அனுப்பச் சொல்வோம், அடையாளத்துக்கு. அவளிடமோ அவள் வீட்டாரிடமோ மூச்சு விட மாட்டோம். யாரும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. எல்லாரும் இப்படித்தான் செய்தார்கள், நாங்களும் செய்தோம்.

2. நல்ல கண் உள்ள ஆள்

அவர் போனில்தான் வந்தார். பேர் ஆனந்த் என்றார். மெதுவான, மரியாதையான குரல். வாட்ஸ்அப் டிபி-யில் ஒரு மலை.

“நித்யாவும் அவங்க அம்மாவும் திருச்சியிலருந்து ஆண்டாள் கோயிலுக்கு வர்றாங்க மேடம். நான் ஊர்ல இருக்கறதா நெனச்சிட்டிருக்கா. சாயங்காலம் செண்பகத்தோப்புல திடீர்னு போய் முன்னாடி நிப்பேன். அம்மாவுக்குத் தெரியும், ஆனா அவங்களுக்கு மெசேஜ் எல்லாம் பண்ண வராது. அதனால காலையிலருந்தே நீங்க கூடவே இருந்து எடுக்கணும். ஒரு நாள் முழுக்க. கதை மாதிரி.”

கதை மாதிரி என்று ஒரு கஸ்டமர் வாயிலிருந்து வந்தது எனக்குத் தேன் மாதிரி இருந்தது. அவர் அனுப்பிய படங்களைப் பார்த்ததும் இன்னும் குதித்தேன். நித்யா பஸ்ஸுக்கு நிற்கிறாள். நித்யா மாடியில் துணி காயப்போடுகிறாள். நித்யா கடையில் கொய்யாப்பழம் பொறுக்குகிறாள். ஒன்றில்கூட கேமராவைப் பார்க்கவில்லை. அத்தனையும் சுத்தமான கேண்டிட்.

“சார், நீங்களே எடுத்ததா? செம கண்ணு சார் உங்களுக்கு” என்றேன்.

“அவளுக்குத் தெரியாது” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன்.

3. தேரடியில்

சொன்ன நாளில் சொன்ன இடத்தில் அம்மாவும் மகளும் வந்து இறங்கினார்கள். மஞ்சள் சுடிதார், ஒல்லியான உருவம். அடையாளம் தப்பவில்லை. கோயிலுக்குள் கேமரா கொண்டுபோக முடியாது, வெளியே தேரடியிலும் கடைவீதியிலும்தான் எடுத்தோம்.

என் ஸ்டைல் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அபர்ச்சரை முழுசாகத் திறந்து வைப்பேன். முகம் மட்டும் கூர்மையாக இருக்கும், பின்னால் இருக்கிற கடை, ஆள், போஸ்டர் எல்லாம் வெண்ணெய் மாதிரி உருகி ஓடிவிடும். கஸ்டமர் கேட்பதும் அதைத்தான்: “பின்னாடி ப்ளர் ஆகணும் அக்கா.” அதனால் பின்னணியை நான் பார்ப்பதே இல்லை. பார்க்க அங்கே ஒன்றும் இருக்காது.

எடுத்ததை அப்போதைக்கப்போது போனுக்கு மாற்றி ஆனந்துக்கு அனுப்பினேன். மதுரை தாண்டிவிட்டேன், காரில் வந்துகொண்டிருக்கிறேன் என்றார். பதில் உடனுக்குடன் வந்தது.

‘கொஞ்சம் இடது பக்கம் வாங்க மேடம். கோபுரம் முழுசா வரட்டும்.’

‘இப்ப எடுங்க.’

‘இப்ப.’

பானு எட்டிப் பார்த்தாள். “ஏட்டி, கார் ஓட்டிக்கிட்டே எம்புட்டு மெசேஜ் போடுதாரு இவரு? கல்யாணத்துக்கு முன்னாடி எங்கயாவது மரத்துல போய் முட்டப் போறாரு.”

“டிரைவர் வச்சிருப்பாருட்டி.”

“அது சரி, அந்தப் பொண்ணு பூக்கடையில நிக்கித நேரம் பாத்து ‘இப்ப’ங்காரே, அது எப்பிடி?”

“நான் அனுப்புற படத்த வச்சுக் கணக்குப் போடுதாருடி. எல்லாரும் உன்ன மாதிரியா?”

அதற்குள் ஒரு தப்பு செய்தேன். கை அவசரத்தில் ஃபோகஸ் தவறிய ஒரு ஃப்ரேமையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். நித்யா மங்கலாக இருப்பாள், பின்னால் உள்ள கூட்டம் கூர்மையாகத் தெரியும். எங்கள் பாஷையில் குப்பை. ‘சாரி சார், அது ரிஜெக்ட்’ என்று தட்டுவதற்குள் அவரிடமிருந்து வரிசையாக இதயங்கள். ‘இதுதான் பெஸ்ட். இதே மாதிரி நிறைய எடுங்க.’

“மாப்பிள்ளைக்குக் கண்ணு அவுட்டுடோய்” என்றாள் பானு.

நித்யா விஷயத்தில் ஒன்று மட்டும் எனக்கு எரிச்சலாக இருந்தது. அவளை நல்ல இடத்தில் வைத்து எடுக்கவே முடியவில்லை. நின்றால் சுவரை ஒட்டி நின்றாள். பால்கோவா கடையில் முதுகுக்குப் பின்னால் அலமாரி இருக்கிற மாதிரிப் பார்த்து நின்றாள். மதியம் ஓட்டலில் காற்று வருகிற மேசையை விட்டுவிட்டு மூலைக்குப் போய், வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். தெருவில் நடக்கும்போதுதான் வேறு வழியில்லாமல் முதுகைக் காட்டினாள். அப்போதும் நாலு எட்டுக்கு ஒரு தடவை திரும்பினாள். ஒரு முறை அவள் அம்மா அலுத்துக்கொண்டது எனக்கே கேட்டது.

“யாரும் இல்ல நித்யா. சாமி கும்பிட வந்த இடத்துலயும் ஆரம்பிக்காத.”

சாமிக்கு மாலை வாங்கிக் கொடுத்துவிட்டு அந்த அம்மா மகளின் கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். பாசம் என்று நினைத்து அதையும் எடுத்தேன்.

4. மாந்தோப்பு

செண்பகத்தோப்பு மலை அடிவாரத்தில் இருக்கிறது. வனத்துறை செக்போஸ்ட்டுக்கு முன்னாலேயே ரோட்டின் இரண்டு பக்கமும் மாந்தோப்புகள். பேச்சியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். ஆனந்த் குறித்துக் கொடுத்த இடம் ரோட்டை விட்டு உள்ளே, ஓடை திரும்புகிற ஒரு வளைவு. நாங்கள் முன்னாலேயே போய்விட்டோம்.

வெயில் நன்றாக இருந்தது, ஆனால் தோப்புக்குள் இல்லை. பகலிலேயே பச்சையான ஓர் இருட்டு. மேலே சாம்பல் அணில் ஒன்று மரத்துக்கு மரம் தாவினால் கிளை அசைவது மட்டும் தெரியும், அணில் தெரியாது. ஓடையில் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. எங்கோ மயில் அகவியது. பொறவு அதுவும் நின்றுவிட்டது.

பானு நீலச் சட்டையோடு வளைவில் நின்று நித்யாவாக நடித்தாள். நான் ஒரு மாமரத்துக்குப் பின்னால் நின்று டெஸ்ட் ஷாட் எடுத்தேன். எல்லாம் சரி. காத்திருக்கிற நேரத்தில் ஆல்பத்துக்கு முதல் பக்கம் யோசித்தேன். ஜோடிப் படம் ஒன்று பழசாக இருந்தால் நன்றாக இருக்கும். ஆனந்துக்கு மெசேஜ் போட்டேன்:

‘சார், ரெண்டு பேரும் சேர்ந்து இருக்கிற படம் ஒண்ணு அனுப்புங்க. செல்ஃபி இருந்தாலும் போதும்.’

பதில் வந்தது.

‘காலையிலருந்து அதத்தான மேடம் நீங்க எடுத்துட்டு இருக்கீங்க.’

எனக்குப் புரியவில்லை. இரண்டு தடவை படித்தேன். பிறகு கேமராவில் காலையில் எடுத்த படங்களைத் திறந்து, நித்யாவை விட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் பெரிதாக்கிப் பார்த்தேன்.

சாம்பல் நிறத்தில் ஒரு சட்டை. உருகிப்போன ஒரு முகம்.

அடுத்த படம். பூக்கடை. நித்யாவின் தோளுக்குப் பின்னால் அதே சட்டை. அடுத்தது பால்கோவா கடை, கண்ணாடிக்கு வெளியே. அடுத்தது தெரு. தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. கூட்டத்தில் மற்றவர்கள் எல்லாரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு வெவ்வேறு பக்கம் திரும்பியிருந்தார்கள். அந்த ஆள் மட்டும் ஒவ்வொன்றிலும் என் பக்கம் திரும்பி நின்றான்.

கடைசியில் அந்தக் குப்பை ஃப்ரேமுக்கு வந்தேன். அதில் அவன் முகம் கூர்மையாக இருந்தது. சாதாரண முகம். படிய வாரிய தலை. கல்யாண ஸ்டேஜில் மாப்பிள்ளையைச் சாயச் சொன்னால் எப்படிச் சாய்வானோ அப்படி, முன்னால் நிற்கிற நித்யாவின் பக்கம் தலையை லேசாகச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவளுக்கும் அவனுக்கும் நடுவே பத்தடியாவது இருக்கும். லென்ஸ் அந்தத் தூரத்தைச் சுருக்கி, தோளோடு தோள் உரசி நிற்கிற மாதிரி ஆக்கியிருந்தது.

இடது பக்கம் வாங்க என்று அவன் சொன்னது கோபுரத்துக்காக இல்லை.

“பானு, இங்க வா” என்றேன். அவள் வந்து பார்த்தாள்.

“இவன் யாருட்டி?” என்று மெதுவாகக் கேட்டாள்.

அப்போது கையில் போன் அதிர்ந்தது.

‘அந்த நீலச் சட்டைப் பொண்ண கூப்பிட்டுட்டீங்க, நல்லது. நீங்க நிக்கிற மரம் சரியில்ல மேடம். அடுத்த மரத்துக்கு வாங்க. அவ வந்துட்டா.’

நாங்கள் இரண்டு பேரும் தலையைத் தூக்கவே இல்லை. தூக்கினால் எந்த மரத்துக்குப் பின்னாலாவது அந்தச் சட்டை தெரிந்துவிடுமோ என்று பயம். ரோட்டுப் பக்கமிருந்து ஆட்டோ சத்தம் நெருங்கி வந்தது.

இந்த வேலையில் முதல் விதி, வெளியே தெரியக் கூடாது. அந்த நிமிசம் எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: முழுசாக வெளியே தெரிய வேண்டும். “ஹாரன் அடிச்சுக்கிட்டே போ” என்றேன். பானு கேள்வி கேட்காமல் ஸ்கூட்டரைக் கிளப்பினாள். தோப்பு அதிர அதிர ஹாரனை அமுக்கிக்கொண்டு ரோட்டில் ஏறி, ஆட்டோவுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினாள். நான் கேமராவைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் உதிர்ந்த மாவிலையில் எனக்குப் பின்னாலும் யாரோ நடக்கிற சத்தம் கேட்டது. என் காலடிச் சத்தமாகவே இருக்கலாம்.

“சாவுறதுக்கு என் வண்டிதான் கெடச்சுச்சா?” என்று ஆட்டோக்காரர் கத்தினார்.

“ஆட்டோவத் திருப்புங்கண்ணே, சொல்லுதேன்” என்றாள் பானு.

நித்யாவின் அம்மா கோபமாக இறங்க வந்தார். “யாரும்மா நீங்க? காலையில கோயில் வாசல்ல கேமராவோட நின்னது நீதான?”

எனக்கு விளக்கத் தெரியவில்லை. கேமரா ஸ்கிரீனை நித்யாவின் முன்னால் நீட்டி, “இவர உங்களுக்குத் தெரியுமா?” என்று மட்டும் கேட்டேன்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஸ்கிரீனை அம்மா பக்கம் திருப்பினாள்.

“பாரும்மா” என்றாள். “நான் சொன்னேன்ல. சாம்பல் சட்டை.”

அந்த அம்மா பார்த்தார். நான் அடுத்த படத்துக்குத் தள்ளினேன். அதற்கடுத்ததற்குத் தள்ளினேன். அந்த அம்மா உள்ளே நகர்ந்து உட்கார்ந்து, மகளைத் தனக்கும் ஆட்டோவின் அடைத்த பக்கத்துக்கும் நடுவில் இழுத்து வைத்துக்கொண்டார். “போலீஸ் ஸ்டேஷனுக்குப் போப்பா” என்றார் ஆட்டோக்காரரிடம்.

5. ஆல்பம் எப்போது ரெடி?

ஆட்டோவுக்குப் பின்னாலேயே நாங்களும் ஸ்கூட்டரில் போனோம். ஸ்டேஷனில்தான் முழுக் கதையும் தெரிந்தது. ரொம்ப நாளாகவே தன் பின்னால் ஒருவன் வருகிறான் என்று நித்யா வீட்டில் சொல்லியிருக்கிறாள். அவன் பேசியதில்லை, தொட்டதில்லை, கிட்டே வந்ததில்லை. திரும்பினால் இருக்க மாட்டான். பேர் தெரியாது. வீட்டில் பிரமை என்றார்கள். வேலையை விட்டுவிடு என்றார்கள். மனசு தெளியட்டும் என்றுதான் அம்மா ஆண்டாளிடம் கூட்டி வந்திருக்கிறார். எந்தெந்தக் கோயில், எப்போது என்பது வரை பயணத்தைப் பற்றி நித்யாவின் தோழி போட்ட ஒரு ஸ்டேட்டஸ் அவனுக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

பெண் எஸ்ஐ ஒருவர் இருந்தார். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: “இம்புட்டு நேரம் அவன் உம் முன்னாடியேதான நின்னிருக்கான். நீ பாக்கவே இல்லையா?”

“பின்னணிய நான் பாக்குறதில்ல மேடம்.”

“நல்லா பாத்த போ” என்றார்.

நித்யா என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்: “காலையில முதுகு கூசிக்கிட்டே இருந்துச்சு. ஆனா ரெண்டு பக்கமும் கூசுச்சு. ஒருத்தன்தான, ஏன் ரெண்டு பக்கம்னு யோசிச்சேன். இன்னொண்ணு நீங்கதான் இல்ல?”

ஆமாம் என்றேன்.

அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே மேசை மேல் இருந்த என் போன் அதிர்ந்தது. எல்லாரும் அதையே பார்த்தோம்.

‘இன்னிக்கு அவளுக்கு மூடு இல்ல போல. பரவாயில்ல, இன்னொரு நாள் பாத்துக்கலாம். ஆல்பம் எப்ப ரெடி ஆகும் மேடம்?’

கோபம் இல்லை, பயம் இல்லை. சாதாரணமாக எந்தக் கஸ்டமரும் கேட்கிற கேள்வி. எஸ்ஐ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“பதில் போடு. ரெடி பண்ணிருதேன், நேர்ல வந்து பாத்து ஓகே சொல்லுங்கன்னு போடு.”

வந்தான். ராஜபாளையத்தில் நான் பிரிண்ட் போடுகிற லேபுக்கு, சொன்ன நேரத்துக்கு, கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸோடு. மஃப்டியில் போலீஸ் ஆட்கள் ஃப்ரேம் பார்க்கிற மாதிரி நின்றார்கள். எதிரில் உட்கார்ந்து நான்தான் பிரிண்ட்டுகளை அவன் முன்னால் பரப்பினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. படத்தை மட்டுமே பார்த்தான். விரல் படாமல் ஓரத்தைப் பிடித்து ஒவ்வொன்றாக எடுத்தான், பழகினவன் மாதிரி.

ஒன்றைத் தனியாக எடுத்து என் பக்கம் தள்ளினான். “இதுல நான் கண்ண மூடிருக்கேன் மேடம். இத எடுத்துருங்க.”

“இது நீங்கதானா சார்?” என்று கேட்டேன். எஸ்ஐ கேட்கச் சொன்ன கேள்வி.

“பின்ன வேற யாரு?” என்று சிரித்தான். “எல்லாத்துலயும் நாங்க ரெண்டு பேருந்தான?”

கூட்டிக்கொண்டு போகும்போதும் சத்தம் போடவில்லை. வாசலில் நின்று திரும்பி, “பளபளன்னு வேண்டாம், மேட் ஃபினிஷ் போடுங்க மேடம்” என்றான்.

6. இப்போது எப்படிச் செய்கிறேன்

இந்த வேலையை விட்டுவிடு என்று வீட்டில் சொன்னார்கள். விடவில்லை. ப்ரபோசல் இப்போதும் எடுக்கிறேன். ஆனால் பையன் போன் செய்தால் முதலில் கேட்பது அந்தப் பெண்ணின் வீட்டிலோ தோழிகளிலோ ஓர் ஆளை. அந்த ஆளோடு வீடியோ கால் பேசி, “ஆமா, இவங்க ரெண்டு பேரும் விரும்புறவங்கதான்” என்று காதால் கேட்ட பிறகுதான் தேதி கொடுப்பேன். ஒருத்தருக்குத் தெரியாமல் அவரைப் படம் எடுப்பதென்றால், அவர் பக்கத்து ஆள் ஒருவருக்காவது அது தெரிந்திருக்க வேண்டும். “சர்ப்ரைஸ் கெட்டுரும்” என்று சிலர் கோபித்துக்கொண்டு வேறு ஆள் பார்க்கப் போகிறார்கள். போனவர்களில் எத்தனை பேர் நல்லவர்கள், எத்தனை பேர் இல்லை என்று எனக்குத் தெரியாது. அதை நினைத்தால் மட்டும் இன்னும் முதுகு கூசும்.

கேஸ் நடக்கிறது. நானும் பானுவும் சாட்சி. நித்யா வேலையை விடவில்லை என்று அவள் அம்மாதான் போனில் சொன்னார்.

இன்னொன்றும் மாறிவிட்டது. அபர்ச்சரை நான் முன்னே மாதிரித் திறந்து வைப்பதில்லை. போன முகூர்த்தத்தில் சுந்தரபாண்டியத்துக் கல்யாணம் ஒன்று. ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்த மாப்பிள்ளைக்கு முகம் சுருங்கிவிட்டது.

“என்னக்கா, பின்னாடி நிக்கிறவங்க மூஞ்சியெல்லாம் இம்புட்டுத் தெளிவா தெரியுது?”

“தெரியட்டும் தம்பி” என்றேன். “யார் யாருன்னு ஒவ்வொருத்தரா எனக்குச் சொல்லுங்க, கேப்போம்.”